தேடப் போனவர்களுக்கும் தேட வைத்தவர்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் டர்பன் வட்டாரத்து வான் தேடல் குழுவுக்காக இந்த ஆண்டு பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள், அடுப்படியில் நின்றவர்கள், வீடு வீடாகச் சீட்டு விற்றவர்கள், பெட்டி பெட்டியாகச் சாப்பாட்டைக் காரில் ஏற்றி இறக்கியவர்கள், ஒரு உறையில் ரேண்ட் நோட்டை மடித்துப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போனவர்கள், இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். வீடு வீடாக வந்து நன்றி சொல்ல வேண்டியதுதான் முறை. ஆனால் இசிப்பிங்கோ, மெரிபேங்க், சாட்ஸ்வர்த் என்று தொடங்கி பீனிக்ஸ், வெருலம், டொங்காட் தாண்டி ஸ்டாங்கர் வரைக்கும் ஆட்கள் இருக்கிறீர்கள், அத்தனை வாசலும் ஏறி முடிப்பதற்குள் அடுத்த ஆடி வந்துவிடும்.

குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருக்கிற சிலரும், பக்கத்தில் உட்கார்ந்து கீழே பார்ப்பதற்குப் பயிற்சி எடுத்த சிலரும் சேர்ந்ததுதான் இது. யாருக்கும் சம்பளம் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் கடலில் ஆள் காணாமல் போனால் தேடலை ஒருங்கிணைப்பது கேப் டவுனில் இருக்கிற மையம், விமானம் காணாமல் போனால் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிற மையம். அங்கிருந்து கேட்டால்தான் எங்கள் ஆட்கள் கிளம்புவார்கள். மனசு பதறுகிறதே என்று தோன்றியபோதெல்லாம் மேலே போனால் ஹெலிகாப்டர்களுக்கு இடைஞ்சல்தான் ஆகும்.

பணம் எதற்குப் போகிறது என்று பலர் கேட்டீர்கள், கேட்டதற்கும் நன்றி. நாலு பேர் உட்காரும் ஒரு சின்ன செஸ்னா விமானமே மணிக்கு 30 லிட்டருக்கு மேல் விமானப் பெட்ரோல் குடிக்கும். தேடல் என்றால் ஏறி இறங்குகிற வேலை இல்லை, மணிக்கணக்காக ஒரே கடல்மேல் போய்த் திரும்பிப் போய்த் திரும்ப வேண்டும். அப்புறம் குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை, காப்பீடு, உள்ளே இருப்பவர்களுக்கு உயிர்காப்பு மேலாடை, ரேடியோ. விமானத்தைச் சொந்தக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் இதெல்லாம் இலவசமாக வராது. நீங்கள் கொடுத்த காசில் பெரும்பகுதி பெட்ரோலாக எரிந்துவிட்டது. கட்டடமோ கல்வெட்டோ காட்டி "இது உங்கள் காசு" என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த மடல் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

பிரியாணி விற்பனையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆடிக் கூழ் ஊற்றி முடித்து, புரட்டாசி பிறப்பதற்குள் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் ஊரில் கோழியை யார் தொடுவார்கள். முதல் நாள் ராத்திரியே கோயில் மண்டபத்துக்குப் பின்னால் வேலை தொடங்கிவிட்டது. வெங்காயம் உரிக்க ஒரு வரிசை, உருளைக்கிழங்கு வெட்ட ஒரு வரிசை, கறுப்பு மைசூர்ப் பருப்பைக் கல் பார்த்து ஊறப்போட இரண்டு ஆயாக்கள். அந்த இரண்டு ஆயாக்களும் வேறு யாரையும் பருப்பில் கை வைக்க விடவில்லை. உருளைக்கிழங்கும் பருப்பும் இல்லாத பிரியாணியை டர்பனில் விற்றால் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்கு வாட்டில் மர விறகு பிடித்துக்கொண்டது. அண்டா மூடியைச் சுற்றி மாவு பூசி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுவிட்டு, அந்தப் பையன்கள் புகையில் கண் சிவக்க அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தார்கள். பாதி பேருக்கு அன்று வேலைக்குப் போக வேண்டிய நாள், நேராக அங்கிருந்தே போனார்கள்.

குழாயில் தண்ணீர் நின்றுபோனபோது பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டியில் தொட்டி வைத்துத் தண்ணீர் கொண்டுவந்த அண்ணனுக்கு நன்றி. கோழியை அடக்க விலைக்கே கொடுத்த முஸ்லிம் பாய்க்கு நன்றி. உம்லாசியிலிருந்து வந்து டப்பாக்களில் பருப்பும் கேரட் சாலடும் எடுத்து வைத்த சூலு அம்மாமார்களுக்கு நன்றி. அவர்களில் ஒருவர், தன் மகனையும் முன்பு ஒருநாள் ஆற்றில் தேடினார்கள், அதனால் வந்தேன் என்று மட்டும் சொன்னார், நாங்கள் மேலே எதுவும் கேட்கவில்லை. புரட்டாசி பிறந்த பிறகும் விடாமல் சனிக்கிழமைதோறும் வடையும் புளிச்சோறும் செய்து விற்ற மாதர் குழுவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. கூழ் உண்டியலில் விழுந்ததில் ஒரு பங்கை எங்களுக்கு ஒதுக்கிய கோயில் கமிட்டிக்கும்தான்.

சரி, இந்தப் பணம் போன ஒரு தேடலைப் பற்றிச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட குடும்பங்களின் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பேர் வேண்டாம் என்றார்கள். பார்க் ரைனி பக்கம் ராக்கி பேயிலிருந்து விடியற்காலையில் மீன்பிடிக்கப் போன ஒரு சின்னப் படகு மத்தியானம் ஆகியும் திரும்பவில்லை. அன்றைக்கு வடகிழக்குக் காற்று. அகுல்யாஸ் நீரோட்டம் நம் கரையை ஒட்டித் தென்மேற்கே வேகமாக ஓடுவது எல்லாருக்கும் தெரியும், அதனால் படகு போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம்தான் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் டர்பனுக்குத் தெற்கே கரைக்குக் கிட்டத்தில் சில நாள் தண்ணீர் எதிர்ப்பக்கமாக, வடக்கே, சுழன்று திரும்பும். கடலாராய்ச்சிக்காரர்கள் இதை டர்பன் சுழல் என்கிறார்கள். நம் கரைவலைத் தாத்தாக்கள் எந்தக் கருவியும் இல்லாமல் இதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள். அதனால் தெற்கே ஒரு பகுதி, கரையோரமாக வடக்கே ஒரு பகுதி என்று தேடும் இடம் இரண்டாகப் பிரிந்தது. உங்கள் பெட்ரோலில் பறந்த விமானத்துக்குக் கிடைத்தது வடக்குப் பகுதி.

இருட்டும்வரை பறந்தார்கள், மறுநாள் வெளிச்சம் வந்ததும் மறுபடி பறந்தார்கள். படகு அங்கே இல்லை. இந்தப் பகுதி சுத்தம் என்று உறுதியாகச் சொன்ன பிறகு மொத்தக் கவனமும் தெற்கே போனது, அங்கே கவிழ்ந்த படகின்மேல் தொற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரை மீட்புப் படகு எடுத்தது. மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் நாட்கணக்காகத் தேடினார்கள், கிடைக்கவே இல்லை.

அப்போதிலிருந்து என்னிடம் "உங்கள் விமானம் யாரையாவது கண்டுபிடித்ததா" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் காசு கொடுத்தவர்களுக்கு இதை நேராகச் சொல்ல வேண்டும். நாங்கள் பறக்கிற பறப்பில் பெரும்பாலும் கிடைக்கிற பதில் "இங்கே இல்லை" என்பதுதான். ஒரு பகுதியைக் கோடு கோடாகப் பார்த்து முடித்து அப்படிக் குறித்தால்தான் அடுத்த படகை எங்கே அனுப்புவது என்று கேப் டவுனில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு பேரை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் அவர்கள் இன்று வீட்டில் இருப்பதில் உங்கள் புளிச்சோற்றுக்கும் பங்கு உண்டு, இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆளின் அம்மா பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "என் பிள்ளையைத் தேடாமல் விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அம்மா. அது போதும். அவங்களுக்கெல்லாம் சொல்லிடு" என்றார். இங்கே சொல்லிவிட்டேன்.

பார்வையாளர் பயிற்சிக்கு வந்தவர்களைப் பற்றி ஊரில் அதிகம் பேச்சு இல்லை, அதனால் நான் பேசுகிறேன். மேலேயிருந்து பார்த்தால் தண்ணீரில் மிதக்கும் ஆளின் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது, காற்றடித்து வெள்ளை நுரை கிளம்பிவிட்டால் எது தலை எது நுரை என்று புரியாது. கண்ணை ஓடவிட்டுக்கொண்டே போனால் எதுவும் அகப்படாது. ஓரிடத்தில் நிறுத்திப் பார்த்து, அப்புறம் அடுத்த இடம், மறுபடி நிறுத்தம், இப்படியே. வெறும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானாகவே கிட்டப்பார்வைக்கு வந்துவிடும், அதனால் அடிக்கடி இறக்கையின் நுனியைப் பார்த்துத் தூரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆளைத் தேடும்போது கோடுகள் நெருக்கமாக, படகைத் தேடும்போது அகலமாக. இதையெல்லாம் மண்டபத்துத் தரையில் கடல் வரைபடத்தை விரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தார்கள். கரைவலைக் காலத்தில் மணல்மேட்டில் நின்று மத்தி வருவதைப் பார்த்து வலைக்காரர்களுக்குத் துணி வீசிக் காட்டிய ஒரு தாத்தாவும் வந்து உட்கார்ந்தார். "தண்ணியைப் பார்க்காதே, தண்ணியில ஒவ்வாம இருக்கிறதைப் பார்" என்று அவர் சொன்னதைத்தான் பிள்ளைகள் இன்றும் விமானத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். தாத்தா, உங்களுக்கு எங்கள் நமஸ்காரம்.

நாங்கள் மட்டும் தனியாக எதையும் செய்யவில்லை. அன்றைக்குத் தண்ணீரில் இறங்கியவர்கள் கடல் மீட்பு நிறுவனத்தின் தன்னார்வலர்கள். 1966இல் ஸ்டில் பே பக்கம் புயலில் 17 மீனவர்கள் மூழ்கிப்போனார்கள், மீட்புப் படகு வேண்டும் என்று பேட்டி பிரைஸ் என்ற பெண்மணி பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார், 1967இல் அந்த நிறுவனம் பிறந்தது. இன்றும் அது நன்கொடையில்தான் ஓடுகிறது. போலீஸ் முக்குளிப்பவர்களுக்கும், ஹெலிகாப்டர் அனுப்பிய விமானப்படைக்கும், கரையில் டார்ச் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நடந்த தூண்டில்காரர்களுக்கும் நன்றி.

நம் ஆட்களிடம் இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். 2022 ஏப்ரல் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் பல இடங்களில் 300 மில்லிமீட்டர் மழை, குவாசூலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் போய்விட்டார்கள், டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. ஆற்றங்கரைகளில் நாய்களோடும் ஹெலிகாப்டர்களோடும் வாரக்கணக்கில் தேடியதை நாம் பக்கத்தில் நின்று பார்த்தோம். பிள்ளையின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பாலத்தில் நின்றவர்களுக்குத் தேநீர் கொடுத்தவர்கள்தான் இந்த ஆண்டு அண்டா தூக்கியவர்கள். எனக்கு இதற்குமேல் விளக்கம் தெரியவில்லை.

வரவு செலவுக் கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், ரசீதுகள் செயலாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள். அண்டாக்களும் கரண்டிகளும் இன்னும் மண்டபத்தில் கிடக்கின்றன, பேர் எழுதாதது நிறைய, உங்களுடையதை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிற அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள், உயிர்காப்பு மேலாடையைப் படகில் வைக்காமல் உடம்பில் போடுங்கள், முடிந்தால் ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாகச் சைகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால் எங்கள் வேலை பாதியாகிவிடும். யாராவது திரும்பவில்லை என்றால் இருட்டட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே கைப்பேசியில் 112 அழுத்துங்கள்.

பார்வையாளர் பயிற்சி தைப்பூசக் காவடி முடிந்ததும் மறுபடி தொடங்குகிறது. கண் நன்றாகத் தெரிந்து, சின்ன விமானத்தில் வயிறு புரட்டாது என்று நம்புகிறவர்கள், ஆணோ பெண்ணோ, மண்டபத்தில் பேர் கொடுங்கள். மற்ற எல்லாருக்கும், ஆயா, தாத்தா, அண்ணன், அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும், குழுவின் சார்பிலும் அந்த மூன்று வீடுகளின் சார்பிலும் எங்கள் நன்றி.