படம் எடுக்கும் முன் பல்லைப் பாருங்கள்

தமிழ்நாட்டின் பல் மருத்துவர்களுக்கும் அவர்களது சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

மணவாளக்குறிச்சி கருமணலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தோரியம் கலந்த அந்த மணலில்தான் விளையாடினோம். கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் பதறுகிற ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்குப் பதினோரு வயது. வலி இல்லை, வீக்கம் இல்லை. வழக்கமாகக் காட்டுவதுதானே என்று அழைத்துப்போனேன். டாக்டர் அவள் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் வரவேற்பில் இருந்த பெண், "ஓபிஜி எடுத்துட்டு வந்துருங்கம்மா" என்றார். இரண்டு தாடையையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே அது. ஐந்து மாதம் முன்புதான் வேறொரு கிளினிக்கில் எடுத்தோம் என்றேன். "அது அங்க எடுத்தது, எங்களுக்குப் புதுசா வேணும்." எடுத்தோம். பழைய படத்தைக் கேட்டு முதல் கிளினிக்குக்கு இரண்டு முறை நடந்தேன். கம்ப்யூட்டரில் இருக்கிறது, அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

ஒரு ஓபிஜியில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு பெரும்பாலும் 10 முதல் 25 மைக்ரோ சீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,400 மைக்ரோ சீவர்ட் வருகிறது என்பது உலகச் சராசரி. ஆக, நாலு நாளில் தானாக வருகிற அளவுக்குள்தான் இதுவும். வேர் சிகிச்சைக்குப் படம் தேவைப்படும்போது பயந்து மறுக்கிற உறவினர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லி நானே மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் அளவு சிறியது என்பதே படம் எடுக்கக் காரணம் ஆகிவிடாது. எடுப்பதால் இந்த நோயாளிக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும் என்பது கதிர்வீச்சுப் பாதுகாப்பின் முதல் விதி. வளரும் பிள்ளைகளின் உடம்பு கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் என்பதால் அவர்கள் விஷயத்தில் அந்த விடை இன்னும் தெளிவாக இருக்கவேண்டும்.

அதிலும், இரண்டு பல் ஒட்டும் இடத்தில் ஒளிந்திருக்கும் சொத்தையைத் தேட ஓபிஜி சரியான படமே இல்லை. கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் உள்ளவை அதில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைக்கும். அதற்கு, வாய்க்குள் வைத்துக் கடித்தபடி எடுக்கும் சின்னப் படமான பைட்விங் இருக்கிறது. ஞானப்பல்லுக்கும், பல்லை நேராக்கக் கம்பி போடும் முன்பும், தாடை எலும்பு முறிந்தாலும் ஓபிஜி எடுங்கள், யாரும் கேட்கமாட்டோம்.

அந்தப் பைட்விங்குக்கும் கால இடைவெளி உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமும் 2012-இல் வெளியிட்ட பரிந்துரை உங்களுக்குத் தெரிந்ததுதான். சொத்தையும் இல்லை, வருவதற்கான ஆபத்தும் கூடுதலாக இல்லை என்றால் பிள்ளைகளுக்கு 12 முதல் 24 மாதம், வளரிளம் பருவத்தினருக்கு 18 முதல் 36 மாதம், பெரியவர்களுக்கு 24 முதல் 36 மாதம். சொத்தை இருக்கிற பிள்ளைக்கு 6 முதல் 12 மாதம். நிலைத்த பல்லின் எனாமலைச் சொத்தை துளைத்து உள்ளே போகப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஆவதால்தான் இத்தனை பொறுமை. பால்பல்லின் எனாமல் மெல்லியது, அங்கே வேகம் அதிகம். யாருக்கு எந்த இடைவெளி என்பதை வாயைப் பார்த்து, தின்பண்டப் பழக்கத்தையும் பழைய சொத்தைகளையும் விசாரித்த பிறகுதான் முடிவுசெய்ய முடியும். வரவேற்பு மேசையால் அது முடியாது.

ஈய மேலங்கி போர்த்திவிட்டால் கடமை தீர்ந்தது என்று நாங்களும் நம்பியிருந்தோம். கதிர்க்கற்றையைச் சரியாகக் குறுக்கி எடுத்தால் மேலங்கியும் கழுத்துப்பட்டையும் தேவையில்லை என்று அதே அமெரிக்கச் சங்கம் 2024-இல் சொல்லிவிட்டது. பல் படத்துக்குக் கற்றையைக் குறுக்கும் செவ்வகக் குழல் பொருத்துகிறீர்களா என்று இனி கேட்கப்போகிறேன். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

உங்கள் சங்கத்திடம் கேட்பது இதுதான். முதலில் பரிசோதனை, பிறகு படம் என்பதை உறுப்பினர்கள் எல்லோருக்கும் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் ஓபிஜியைச் சேர்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எடுத்த படத்தை அன்றைக்கே நோயாளியின் வாட்ஸ்அப்புக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பச் சொல்லுங்கள். பாதி மறு படங்கள் இதிலேயே குறையும் என்று நினைக்கிறேன்.

என் மகளை அடுத்து ஆவணியில் அழைத்து வருவேன். இரண்டாவது படம் என் கைபேசியில் இருக்கிறது. முதல் படத்துக்காக இன்னும் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், நாகர்கோவில்