குழாயைக் குலுக்காத கைகளுக்கு நன்றி

லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ரத்தம் எடுக்கும் செவிலியர்களே, லேப் டெக்னீஷியன்களே, மாதிரிகளைச் சுமந்து வரும் ஊழியர்களே, வணக்கம்.

மருந்துக்கு நோய் அடங்குகிறதா என்று பார்க்க நாங்கள் முதலில் தேடும் எண் எல்.டி.எச். அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதி அது. சிவப்பணுவுக்குள்ளும் ஏராளமாக இருக்கிறது. ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினால், சிரிஞ்சை வேகமாக இழுத்தால், குழாயைக் குலுக்கினால் அணுக்கள் உடைந்து எண் பொய்யாக ஏறிவிடும். நோய் திரும்பிவிட்டதோ என்று ஒரு குடும்பமே தூக்கமின்றித் தவிக்கும். ஸ்பிரிட் காயப் பொறுத்தீர்கள். கைக்கட்டை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்தினீர்கள். குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினீர்கள். அதற்கே முதல் நன்றி.

அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, ஃபிரிட்ஜில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே வைத்தீர்கள். குளிரில் எல்.டி.எச்.சின் சில வகைகள் செயலிழந்து எண் இறங்கிவிடும் என்பதை மறக்கவில்லை. அணுக்கள் உடைந்து சீரம் சிவந்து தெரிந்தபோது, முடிவை அனுப்பாமல் "மறுபடி எடுத்து அனுப்புங்கள்" என்று சொன்னவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அப்போது வார்டில் யாராவது முகம் சுளித்திருந்தால் மன்னியுங்கள்.

யூரிக் அமிலத்தைக் குறைக்க ராஸ்புரிகேஸ் என்ற மருந்து போட்ட நாட்களில் உங்கள் வேலை இரட்டிப்பு. அந்த மருந்து குழாய்க்குள்ளும் யூரிக் அமிலத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். முன்கூட்டியே குளிரவைத்த ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் எடுத்து, ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி ஓடி வந்தீர்கள். லேப்பில் 4 மணி நேரத்துக்குள் பார்த்துச் சொன்னீர்கள். அதனால்தான் அந்த எண்ணை நம்பி அடுத்த வேளை மருந்தை முடிவு செய்ய முடிந்தது.

ஹாட்ஜ்கின் என்ற லிம்போமா வகையின் ஆரம்ப நிலையில், சிவப்பணு படியும் வேகமான ஈ.எஸ்.ஆர். சிகிச்சையின் அளவையே மாற்றக்கூடியது. காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு இல்லாதவருக்கு மணிக்கு 50 மி.மீ., இருப்பவருக்கு 30 என்பதே எல்லைக்கோடு. குழாய் கொஞ்சம் சாய்ந்தாலும் அணுக்கள் விரைந்து படியும். செங்குத்தாக நிறுத்தி, சரியாக 60 நிமிடம் காத்திருந்தவர்களுக்கு நன்றி.

நோயின் அளவைக் காட்டும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தோடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் சேர்த்து அனுப்பினீர்கள். சிறுநீரகம் தளர்ந்தாலும் அந்தப் புரதம் ஏறும். வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி போட்ட தேதியைப் படிவத்தில் எழுதிய செவிலியர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். எல்.டி.எச். ஏறியதற்கு அந்த ஊசியும் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஒரு வரிதான் சொன்னது.

ரத்த எண் மட்டும் போதாது, பெட் ஸ்கேனும் தேவைப்பட்டால் பயாப்சியும் வேண்டும் என்று நோயாளிகளுக்குப் பொறுமையாக விளக்கியவர்களுக்கும், காரணம் கேட்டு, புரிந்துகொண்டு, இரண்டாம் முறையும் கையை நீட்டிய நோயாளிகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

அன்புடன்,
லிம்போமா சிகிச்சைக் குழுவினர்