எலும்பு வளர்க்கும் தூள் எந்தக் கடையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில் 'உடைந்த எலும்பை நானோ களிமண்ணே வளர்த்துவிடும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் அண்ணன் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார். பைக்கில் இருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பு, கம்பி வைத்து எட்டு மாதமாகியும் கூடவில்லை. இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். "கால் வலிக்கிறது போதாதென்று இடுப்பையும் அறுக்கணுமா, அந்தத் தூள் வரட்டும்" என்கிறார் இவர்.

செய்தி பொய்யில்லை, அதுதான் சிக்கல். இப்போது டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அகிலேஷ் கஹர்வாரும் கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மக்னீசியமும் லித்தியமும் கலந்த சிலிக்கேட் தகடுகளை (நீங்கள் சொன்ன நானோ களிமண் இதுதான்; ஒரு நானோமீட்டர் தடிமன், சுமார் 25 நானோமீட்டர் அகலம்) மனிதக் குருத்தணுக்களோடு, அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களோடு, சேர்த்தார்கள். வழக்கமாகச் சேர்க்கும் விலை கூடிய வளர்ச்சிப் புரதம் எதுவும் இல்லாமலே அவை எலும்பு செல்லாக மாறத் தொடங்கின. வேதியியல் வாத்தியாரான எனக்கே அதைப் படித்தபோது சிலிர்த்தது. ஆனால் நடந்தது ஆய்வகத் தட்டில். தட்டில் இருக்கிற செல் யாருடைய எடையையும் தாங்க வேண்டியதில்லை, அதற்குள் ரத்தக்குழாய் ஓட வேண்டியதும் இல்லை.

தட்டிலிருந்து ஆளுக்கு வர எவ்வளவு காலமாகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. லாரி ஹென்ச் என்ற விஞ்ஞானி அமெரிக்காவின் புளோரிடாவில் எலும்போடு ஒட்டும் கண்ணாடியை 1969-இல் கண்டுபிடித்தார். அதை நடுக்காதில் சின்னஞ்சிறு எலும்பாக மனிதருக்கு வைக்க அங்கே அரசு அனுமதி கிடைத்தது 1985-இல். பதினாறு வருஷம்!

சரி, இப்போது கிடைக்கிற ஹைட்ராக்சிஅபடைட் துகள்களை வைத்தால் போதாதா என்று அண்ணன் அடுத்துக் கேட்டார். நம் எலும்பில் இருக்கும் கனிமத்தின் உறவுதான் அது, வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் அது பந்தல் மாதிரி, கொடி பக்கத்தில் உயிரோடு இருந்தால்தான் படரும். எட்டு மாதமாகக் கூடாத இடத்தில் கொடிக்கு எங்கே போவது? இடுப்பிலிருந்து எடுக்கும் எலும்பு உயிருள்ள செல்லையும் சேர்த்துக் கொண்டுவருகிறது.

இனிமேல் இப்படிச் செய்தி போடும்போது தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று தலைப்புக்குக் கீழேயே ஒரு வரி போடுங்கள். அப்புறம் இந்தக் கடிதத்தை வியாழனுக்குள் வெளியிட முடிந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம், அண்ணன் என் பேச்சைக் கேட்க மாட்டார், உங்கள் பேப்பரில் வந்தால் நம்புவார்.

ஒரு வேதியியல் ஆசிரியர்,
திண்டுக்கல்