பழைய டிராக்டருக்குக் கொக்கி வைக்கும் பட்டறைக்காரர்களுக்கு

ஆத்தூர், வாழப்பாடி பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

மரவள்ளி வெட்டு தொடங்கினால் ஜவ்வரிசி ஆலை வாசலில் கிழங்கு லோடு வரிசை கட்டும். அங்கே நிற்கும் பழைய டிராக்டர்களின் பின்பக்கத்தில் உங்கள் கைவேலை தெரியும். பற்றவைத்ததில் குறை சொல்ல மாட்டேன். டிரெய்லரை மாட்டும் கொக்கி இருக்கும் இடம்தான் வயிற்றைக் கலக்குகிறது. கீழே இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேலே, கலப்பையின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் தகடு வைத்து டிரெய்லரை மாட்டியிருக்கிறார்கள்.

டயர் மண்ணைத் தொடும் இடத்திலிருந்து கொக்கி எவ்வளவு உயரமோ, அந்த அளவுக்கு முன்சக்கரத்தைத் தூக்கும் விசை கூடும். பின் அச்சுக்குக் கீழே கொக்கி இருந்தால், முன்பக்கம் எழும்போது கொக்கி இன்னும் தாழும். தூக்கும் விசையும் குறையும். மேலே இருந்தால் அந்தக் காப்பு போய்விடும். மேட்டில் முழு லோடோடு கிளட்சைப் பட்டென்று விட்டால், ஓட்டுபவர் சுதாரிப்பதற்குள் வண்டி மல்லாந்துவிடும்.

பழைய ஃபோர்ட்சன் டிராக்டர்களுக்கு, கலப்பை கல்லில் சிக்கினால் பின்னால் கவிழ்கிற கெட்ட பெயர் இருந்தது. கலப்பையைக் கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று லிங்க்கால் பிடிக்கும் ஹாரி ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு அதற்கு மருந்தானது. உழும்போது கீழ் லிங்க் இரண்டும் இழுக்கும், டாப் லிங்க் டிராக்டரை முன்னால் தள்ளி மூக்கை அழுத்திப் பிடிக்கும். 1946-இல் வந்த அவருடைய டிஇ20 டிராக்டர் அப்படித்தான் உழுதது. நம் ஊரில் ஓடும் மாஸ்ஸி ஃபெர்குசன் 1035 டிராக்டரும் அந்த வழியில் வந்ததுதான். கலப்பைக்கு எவ்வளவு பாரம் என்று ஹைட்ராலிக்குக்குச் சொல்லும் ஸ்பிரிங் டாப் லிங்க் மாட்டும் இடத்தோடு சேர்ந்தது. அதில் போய் டன் கணக்கில் கிழங்கைக் கட்டி இழுத்தால் என்ன ஆகும்?

கீழ் லிங்க் இரண்டுக்கும் நடுவே மாட்டும் துளை போட்ட பட்டைக் கம்பியும் டிராபார்தான். ஆனால் அதை நிலையாகப் பிடிக்க இரண்டு பக்கமும் தாங்கு கம்பி வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கும்போது லிங்க்கோடு கம்பியும் மேலே ஏறும். பழைய இரும்புக் கடையில் டிராபார் கிடைக்கும், தாங்கு கம்பி அகப்படுவது அபூர்வம். அதை நீங்களே அடித்துக் கொடுங்கள்.

அப்புறம், லிங்க் துளையில் செருகும் பின் (முளை) சமாச்சாரம். இந்தச் சின்ன டிராக்டர்களுக்குக் கீழ் லிங்க் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. கல்டிவேட்டர் பின் சேரவில்லை என்று லிங்க் துளையைப் பெரிதாக்காதீர்கள். நாளைக்கு அந்த வண்டியில் சட்டிக் கலப்பை மாட்டினால் லொடலொடவென்று ஆடும். மாற்ற வேண்டியது கருவியின் பின்னைத்தான்.

“டிரெய்லர் வளையம் உயரமாக இருக்கிறது, கொக்கியை ஏத்தி வை” என்று வண்டிக்காரர் கேட்பார். முடியாது என்று சொன்னால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார் என்பதும் தெரியும். சரி, டிரெய்லரின் வளையத்தைத் தாழ்த்திக் கொடுங்கள். அந்தக் கூலியும் உங்களுக்குத்தானே.

இப்படிக்கு,
பழைய 1035 வைத்து உழும் ஒரு விவசாயி