தேர்வு முடியும் வரை அந்தக் கேள்வி வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி இறுதித் தேர்வு தொடங்கிவிட்டது. கால அட்டவணை, நுழைவுச் சீட்டு, வர வேண்டிய நேரம் பற்றிய விவரங்கள் எல்லாம் ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்திருக்கும். இந்தக் கடிதம் அதற்காக அல்ல. தேர்வு எழுதும் பிள்ளையின் மனதில் இந்த நாட்களில் என்னென்ன ஓடுகிறது என்பதை உங்களோடு பேச வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வேண்டுகோளும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசித் தேர்வு முடியும் வரை “அடுத்து என்ன செய்யப் போகிறாய்?” என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். வீட்டுக்கு வரும் உறவினர்களையும் கேட்க விடாதீர்கள்.

கேட்காவிட்டால் பிள்ளை அதை நினைக்காமல் இருந்துவிடுமா என்றால், இல்லை. நினைத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதனால்தான் கேட்க வேண்டாம் என்கிறேன்.

தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நிற்கும் ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எழுதிக்கொண்டிருக்கும் பேனா திடீரென்று நிற்கும். பிள்ளை வினாத்தாளின் ஓரத்தில் சின்னதாக எண்களைக் கூட்டிப் பார்க்கும். இதுவரை எழுதியதற்கு எவ்வளவு வரும், அது போதுமா, போதாவிட்டால் அந்தப் படிப்பு கிடைக்குமா, கிடைக்காவிட்டால் வீட்டில் என்ன சொல்வது என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். அந்த நேரத்தில் எதிரே இருப்பது ஐந்து மதிப்பெண் வினா ஒன்றுதான். ஆனால் மனம் ஐந்து வருடம் தள்ளிப் போய் நின்றுவிடுகிறது.

இதில் நடப்பது என்னவென்று உளவியல் ஆய்வாளர்கள் ஓரளவு தெளிவாகவே சொல்கிறார்கள். ஒரு வினாவுக்கு விடை யோசிக்கும்போது, படித்ததை எடுத்து வைத்து வேலை செய்ய மூளைக்கு ஒரு தற்காலிக இடம் வேண்டும். செயல்படு நினைவு என்று அதற்குப் பெயர். அது மிகவும் சிறியது. ஒரே நேரத்தில் ஏறத்தாழ 4 விஷயங்களைத்தான் அதில் வைத்துக்கொள்ள முடியும் என்று நெல்சன் கோவன் என்ற ஆய்வாளர் 2001இல் எழுதினார். கவலையும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. நன்றாகப் படித்த பிள்ளை “தெரிந்த கேள்விதான், அப்போது வரவில்லை” என்று சொன்னால் அதைச் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது உண்மை.

சரி, எதைப் பற்றியெல்லாம் அந்தக் கவலை? மதிப்பெண் மட்டும் என்று நாம் நினைக்கிறோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினால் வேறு பலவும் வெளியே வருகிறது. தனக்காக வீட்டில் செலவழித்த பணம், அதைத் திருப்பித் தரும் அளவுக்கு நான் வருவேனா என்ற பயம். அக்காவோ அண்ணனோ எடுத்த மதிப்பெண். வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்ட படிப்பு தனக்குப் பிடிக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்ற தவிப்பு. இதற்கு நேர் எதிராக, எல்லோருக்கும் ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது, எனக்கு மட்டும் எதுவும் தோன்றவில்லையே என்ற வெட்கம். இந்தக் கடைசி வகைப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. பதினேழு வயதில் எதுவும் தோன்றாமல் இருப்பது ஒரு குறையே அல்ல என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

அப்புறம் பிரிவு. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்த நண்பர்கள் சில நாட்களில் திசைக்கு ஒருவராகப் போய்விடுவார்கள். காலையில் எழுந்தால் எங்கே போவது, எந்த நேரத்தில் எந்தப் பாடம் என்பதை இதுவரை பள்ளி முடிவு செய்தது. இனி அந்த அட்டவணை இருக்காது. விடுதலை என்று குதிக்கும் அதே பிள்ளைக்கு இரவில் அது பயமாகவும் இருக்கிறது. இதைப் பெரியவர்கள் சிறிய விஷயமாகத் தள்ளிவிடுகிறோம். அந்த வயதுக்கு அது சிறியது அல்ல.

“என் பிள்ளை எதையும் யோசிப்பதாகவே தெரியவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்” என்று சில பெற்றோர் வருத்தப்படுகிறீர்கள். யோசனை அதிகமாகும்போது கையில் போனை எடுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெளியே தெரியும் அலட்சியத்தை வைத்து உள்ளே எதுவும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஆகவே கேட்காமல் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சும்மா இருந்தால், கோபமாக இருக்கிறீர்கள் என்றுதான் சில பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு முறை உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுங்கள்: “மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் அடுத்தது என்ன என்பதை நாம் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம். அந்தப் பேச்சு தேர்வு முடிந்த பிறகு. அதுவரை அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு, அதே நாள் இரவு சாப்பிடும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்தப் படிப்பில் சேர்ந்தது என்று பேசினால் சொன்னதெல்லாம் வீண். சொன்னபடி நடந்துகொள்வதுதான் கடினம், எனக்குத் தெரியும்.

தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்ததும் வினாத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக விடை கேட்பதையும் விட்டுவிடுங்கள். எழுதி முடித்த தாளில் இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆனால் அங்கே கண்டுபிடித்த ஒரு தவறு அடுத்த தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் கூடவே இருக்கும். முகம் கழுவட்டும், சாப்பிடட்டும், கொஞ்சம் தூங்கட்டும். அதுவாகச் சொன்னால் கேளுங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. படித்தது நினைவில் உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. விழித்திருக்க மாலையில் குடிக்கும் காபியில் உள்ள காஃபினில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும்.

படிக்கும் முறையிலும் ஒன்று. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்தது போல ஒரு நிம்மதி வரும், அதை நம்ப முடியாது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் செய்த சோதனையில், மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை மாறிவிட்டது: புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, மற்றவர்களுக்கு 42 சதவீதம்தான். பிள்ளை வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்து, நடுவில் தெரியாமல் விழித்தால், “இன்னும் படிக்கவே இல்லையா?” என்று கேட்டுவிடாதீர்கள். அந்தத் திணறல்தான் படிப்பு.

இனி எதிர்காலம். தேர்வுக்குப் பிறகு நீங்கள் பேச உட்காரும்போது மனதில் வைத்துக்கொள்ள ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2013இல் வெளியானது. 18 முதல் 68 வயது வரை 19,000க்கும் மேற்பட்டவர்களிடம், கடந்த பத்து வருடங்களில் எவ்வளவு மாறினீர்கள், வரும் பத்து வருடங்களில் எவ்வளவு மாறுவீர்கள் என்று கேட்டார்கள். எல்லா வயதினரும் நிறைய மாறிவிட்டதாகச் சொன்னார்கள். இனிமேல் அவ்வளவாக மாற மாட்டோம் என்றும் நம்பினார்கள். இது பிள்ளைகளுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். இன்று பிடித்திருப்பது இருபத்தேழு வயதிலும் பிடிக்கும் என்று பிள்ளை நினைக்கிறது. இந்தப் பிள்ளை என்றும் இப்படித்தான் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். இரண்டுமே தவறாகலாம். அதனால் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு உயர்ந்தது என்பதோடு, அதிலிருந்து பின்னால் வேறு பக்கம் திரும்ப வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்தப் பேச்சில் பிள்ளையை முதலில் பேச விடுங்கள். “தெரியவில்லை” என்று சொன்னாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேலையில் நேரம் போவது தெரியாமல் இருந்தாய், எந்தப் பாடத்தைக் கட்டாயத்துக்காகப் படித்தாய் என்று கேட்டால் “நீ என்ன ஆகப் போகிறாய்?” என்பதைவிட நல்ல பதில்கள் வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை பல நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை, “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்பது போல எதையாவது சொல்கிறது என்றால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விளையாட்டுக்குச் சொல்வதாகவும் நினைக்காதீர்கள். அன்றே பள்ளிக்குச் சொல்லுங்கள், மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். தனியாக விடாதீர்கள். ஒரு தேர்வைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

தேர்வு நாட்களில் வகுப்பாசிரியர்கள் மாலையிலும் பள்ளியில் இருப்பார்கள். பிள்ளையோ நீங்களோ பேச விரும்பினால் முன்கூட்டிச் சொல்லாமலே வரலாம். கடைசித் தேர்வுக்கு அடுத்த வாரம், மேற்படிப்பு பற்றிப் பேசப் பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்தே அழைப்போம். தேதியைத் தனியாகத் தெரிவிக்கிறேன். அதற்கு இருவரும் சேர்ந்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்