கத்தி பிடிக்கத் தெரிந்துகொண்டு பொறி வைக்கப் போ

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பாட்டனார் இந்த வசந்தத்தில், தண்ணீரில் வீடு கட்டி வாழும் பீவர் என்ற மிருகத்தைத் தோலுக்காகப் பிடிக்க உன்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருப்பது பெரிய விஷயம். கனடாவில் மனிற்றோபா மாகாணத்தின் வடக்கில் வந்து இறங்கிய புது வாத்தியாரை யாரும் அவ்வளவு எளிதில் காட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். ஆனால் அடுத்த வரியிலேயே, "பொறி வைப்பதைப் பார்த்தால் போதும், தோல் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் தொலைபேசியை எடுக்காமல் தாளை எடுத்தேன்.

தம்பி, பழகிய கைக்குப் பொறி வைப்பது சிறிது நேர வேலை. உரித்து, கொழுப்பு வழித்து, பலகையில் அறைந்து முடிப்பதற்குள் புதியவனுக்கு அரை நாள் போய்விடும். அந்த அரை நாளை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறவன் விருந்தாளி. விருந்தாளிக்குத் தேநீர் கொடுப்பார்கள். அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள். இங்கே ஒன்ராறியோ மாகாணத்துக் கொக்ரனில் நான் கூடப் போகும், க்ரீ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பெரியவரும் முதலில் என்னை உட்காரவைத்தது வழிக்கும் கட்டையின் முன்னால்தான். பொறியைத் தொடவிட்டது அதற்குப் பிறகு.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பூர்வகுடி மக்களான அவர்களுக்கு அரசோடு செய்த ஒப்பந்தத்தின்படி பொறி வைக்கும் உரிமை இருக்கிறது, உனக்கு இல்லை. ஒன்ராறியோவில் நான் பயிற்சி வகுப்பு முடித்து, பெரியவருடைய பதிவுபெற்ற ட்ராப்லைனில், அதாவது பொறி வைக்க அவருக்கென ஒதுக்கிய காட்டுப் பகுதியில், உதவியாள் என்ற உரிமம் எடுத்துத்தான் போகிறேன். உன் மாகாணத்தில் என்ன விதி என்று இயற்கைவள அலுவலகத்தில் நேரில் போய்க் கேள். கேட்காமல் ஒரு பொறியையும் தொடாதே.

வசந்தத்தில் ஏன் என்று கேட்டிருந்தாய். பனிக்கட்டி கரையோரம் விலகத் தொடங்கும்போது பீவர் குடும்பத்தில் ஒரு கலக்கம் வரும். ஒரே வீட்டில் தாய், தகப்பன், போன வருடக் குட்டிகள், அதற்கு முந்திய வருடத்தவை எல்லாம் குளிர்காலத்தை ஒன்றாகக் கழித்திருக்கும். இரண்டு வயதானவை இப்போது வீட்டை விட்டு வேறு ஓடை தேடிப் புறப்படும். அதே நேரத்தில் வீட்டுக்காரப் பீவர்கள் நீர்க்கரையில் சேற்றை அள்ளிக் குவித்து, அதன்மேல் தங்கள் வாலடிப் பைகளில் ஊறும் காஸ்டர் என்ற வாசனைப் பொருளைப் பூசிவைக்கும். எல்லைக் கல் நாட்டுவது மாதிரித்தான். வேறொரு பீவரின் வாசனை தன் கரையில் அடித்தால், யார் வந்தது என்று பார்க்காமல் அதனால் இருக்க முடியாது. பொறிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த ரோசத்தைத்தான். கரையில் ஒரு சேற்றுக் குவியல் செய்து, ஒரு குச்சியில் காஸ்டரைத் தடவிக் குத்திவிட்டு, அது நீந்தி ஏறும் வழியில் பொறியை வைப்பார்கள்.

பொறி என்றால் 330 என்ற எண் வகை. பத்து அங்குலச் சதுரச் சட்டங்கள் இரண்டும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வில்களும். பிராங்க் கோனிபேர் என்ற பொறிக்காரர் காலைப் பிடித்து வைத்திருக்கும் பழைய இரும்புப் பொறிகளில் மிருகங்கள் படும் பாட்டைப் பார்த்து மனம் பொறுக்காமல் வருடக்கணக்காக உழைத்து உருவாக்கியது. கழுத்தில் அடித்து விரைவாகக் கொல்வது அதன் வேலை. உன் கையையும் அதே வேகத்தில்தான் அடிக்கும். வில்களை இடுக்கியால் அழுத்து. அழுத்தியதும் கொக்கியை மாட்டு. பொறி நீரில் உறுதியாக நின்ற பிறகுதான் கொக்கியைக் கழற்று. சட்டைப்பையில் எப்போதும் போதிய நீளமான ஒரு கயிறு இருக்கட்டும். ஒரு கை மாட்டிக்கொண்டால் கயிற்றை வில்லின் வளையங்களில் கோத்து, காலால் மிதித்து, மற்றக் கையால் இழுத்து வில்லை ஒடுக்கலாம். வீட்டில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் அதைச் செய்து பழகிவிட்டுப் போ.

வசந்தத்தில் இன்னொரு தொல்லை, நீர்மட்டம். காலையில் முழங்கால் ஆழத்தில் வைத்த பொறி, பனி உருகிய வெள்ளம் வடிந்ததும் மறுநாள் வெளியே தெரிந்துகொண்டு நிற்கும். ஏறினாலும் பயனில்லை, பீவர் மேலால் நீந்திப்போய்விடும். அதனால்தான் பொறிக்கு மேலே நீர்மட்டத்தோடு ஒரு தடியைக் குறுக்காக வைப்பது. தடியைக் கண்டால் அது மூழ்கித்தான் போகும். தட்டினால் பொறி மூடிக்கொள்ளும் கம்பிகளை நடுவில் விடாமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வை. பீவரின் அகன்ற உடல் எப்படியும் தட்டும். அதே வழியில் வரும் ஒல்லியான நீர்நாய் தப்பிப்போகும். பெரியவர் இதில் மிகக் கண்டிப்பு.

இனித் தோல். வரலாற்றுப் பாடத்தில் 1670-இல் தொடங்கித் தோல் வாங்கிய ஹட்சன்ஸ் பே கம்பனி, பீவர் மயிரில் செய்த ஐரோப்பாவின் தொப்பிகள் என்று நீ பிள்ளைகளுக்குச் சொல்லுவாய். இதையும் சேர்த்துச் சொல். அக்காலத்துத் தொப்பிக்காரர்கள் அதிகம் விரும்பியது புதுத் தோலை அல்ல. பூர்வகுடி மக்கள் மயிர்ப் பக்கம் உள்ளே வைத்து ஓரிரு குளிர்காலம் உடுத்திய பழைய மேலங்கியைத்தான். உடம்பில் உராய்ந்து நீண்ட மேல்மயிர் உதிர்ந்து, தொப்பிக்கு வேண்டிய மெல்லிய அடிமயிர் மட்டும் அதில் மிஞ்சியிருக்கும். அந்த மேலங்கிகளுக்காகத் தோலை வழித்து, மென்மையாக்கித் தைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணக்குப் புத்தகங்களில் பெயர் இருப்பது வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும்தான்.

பீவர் கரைக்கு வந்ததும் அதே நீரில் சேற்றையும் இரத்தத்தையும் அலசிவிடு. உதறித் தொங்கவிட்டு, மயிரைச் சீப்பால் வாரு. இதைச் சோம்பல்பட்டு விடுகிறவர்கள் பலர். மயிருக்குள் ஒரு சேற்றுக் கட்டியோ முள்விதையோ கிடந்தால், வழிக்கும்போது அந்த இடத்தில் தோல் மேடாக எழும்பி நிற்கும். கத்தி அந்த மேட்டைச் சீவிக்கொண்டு போய்விடும். தோலைப் பலகையில் இழுக்கும்போது கடுகளவு ஓட்டை நாணயமளவு ஆகும். அது 1937 முதல் பீவர் படம் போட்ட ஐந்து சத நாணயமாகவே இருந்தாலும், ஏலத்தில் விலை குறைவதுதான் மிச்சம்.

பாதங்களை மயிர் முடியும் இடத்தில் வெட்டி எடு. பின்காலின் இரண்டாம் விரலை வெட்டுமுன் பார்: நகம் இரண்டாகப் பிளந்திருக்கும், சின்ன இடுக்கி போல. அந்த நகத்தால்தான் பீவர் மயிரைக் கோதி எண்ணெய் பூசி, தண்ணீர் தோலைத் தொடாமல் வைத்துக்கொள்கிறது. உன் மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும். உனக்குத் தெரியாது என்றால் சிரிப்பார்கள். வாலையும் மயிர் முடியும் இடத்தில் எடுத்துவிட்டு, கீழுதட்டிலிருந்து வயிற்றின் நடுவால் ஒரே நேர்கோடாகக் கீறு. கால்களை நீளவாக்கில் கீறக் கூடாது; கையை உள்ளே விட்டு, சட்டைக் கையிலிருந்து கையை உருவுவதைப் போல உருவ வேண்டும், நான்கு வட்டத் துளை மட்டும் மிஞ்சும்.

கட்டையில் போட்டு வழிப்பதுதான் பரீட்சை. பீவரின் கொழுப்பு ஆட்டுக் கொழுப்புப் போல இலகுவில் கழன்று வராது. தோலோடு பிறந்ததாக ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகில் சிவந்த தசை ஒரு படலமாகக் கிடக்கும். இரண்டு கைப்பிடிக் கத்தியைத் தோளிலிருந்து தள்ள வேண்டும், மணிக்கட்டால் அல்ல. கோணம் சரியாக அமைந்தால் கொழுப்பு சுருண்டு சுருண்டு முன்னால் போகும், பின்னால் பால் நிறத்தில் தோல் தெரியும். கோணம் தவறினால் கத்தி வழுக்கும், அல்லது மயிர்க்கால்களைச் சீவிவிடும். சீவினால் மறுபக்கத்தில் மயிர் கொத்தாகக் கையோடு வரும். வயிற்றுப் பக்கமும் முன்கால் துளையின் ஓரமும் மெல்லியவை, அங்கே அழுத்தாதே. கொழுப்பை மிச்சம் விட்டால் அது தோலுக்குள் ஊறிக் காலப்போக்கில் தோலை எரித்துவிடும். களைத்துவிட்டால் நிறுத்து. தோல் பக்கத்தைத் தோல் பக்கத்தோடு சேர்த்து மடித்துச் சுருட்டி, பையில் போட்டு உறையவைத்தால் காத்திருக்கும். களைத்த கையால் வெட்டிய ஓட்டை காத்திருக்காது.

பிறகு பிளைவுட் பலகை. முட்டை வடிவக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்திருக்கும். மூக்கையும் வாலடியையும் முதலில் அறைந்து, பிறகு இரு பக்கமும் மாறி மாறி, நெருக்கமாக ஆணி அடி. அதிகம் இழுத்தால் தோல் பெரிதாகும், மயிர் ஐதாகும். தடவிப் பார்க்கும் வாங்குநர் உடனே கண்டுபிடிப்பார். கால் துளைகளை மூடி ஆணி அடி, ஓட்டை விழுந்திருந்தால் அதற்கு முன்பே தைத்துவிடு. எல்லா ஆணியும் அடித்த பின் தோலைப் பலகையிலிருந்து சற்றே மேலே தூக்கி ஆணிகளின் நடுவில் நிறுத்து. அடியில் காற்றுப் போகாவிட்டால் மயிர்ப் பக்கம் புழுங்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே. உன்னைக் கூட்டிப்போகும் பாட்டனார் பலகை வைத்திருப்பாரோ, பழைய முறையில் வில்லோ மரக் கொம்பை வளைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டுவாரோ தெரியாது. அவர் எப்படிச் செய்கிறாரோ அப்படியே செய். "அப்பா வேறு மாதிரிச் சொன்னார்" என்று வாய் திறக்காதே.

இதற்கெல்லாம் என்ன கிடைக்கும் என்று உன் அம்மா வருடா வருடம் கேட்கிறாள். உண்மையில், பல ஆண்டுகளில் ஒரு தோலின் விலை பெட்ரோலுக்குக் காணாது. காஸ்டர் பைகள் பரவாயில்லை, வாசனைத் திரவியத்துக்கும் பொறிக்காரர்களுக்கும் அது தேவை. வாலடியில் இரட்டையாக இருக்கும். கீறாமல் முழுதாக எடுத்து நிழலில் தொங்கவிட வேண்டும். எங்கள் கராஜில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை கராஜில் கத்தி எடுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மற்ற நாட்களில் தொடை இறைச்சி யாழ்ப்பாணத் தூளோடு அடுப்பில் ஏறுவதற்கு அவளுக்கு ஆட்சேபம் எதுவுமில்லை. உரிக்கும்போது இறப்பர் கையுறை போடு, இறைச்சியை நன்றாக வேகவிடு. துலரீமியா என்ற காய்ச்சல் பீவரிலிருந்து மனிதருக்கு வரும். தானாகச் செத்து மிதப்பதைத் தொடவே தொடாதே. எலும்புகளை நாய்க்குப் போடாமல் அவர்கள் நீரிலேயே திருப்பி விட்டால், நீயும் பேசாமல் அதையே செய். காரணத்தை ஒரு நாள் அவர்களாகவே சொல்வார்கள்.

பருவம் எப்போது முடிகிறது என்று நாட்காட்டியில் ஒரு தேதி இருக்கும். பெரியவர் அந்தத் தேதி வரை போவதே இல்லை. பெண் பீவர்கள் ஜனவரி, பெப்ரவரியில் சினைப்பட்டு, மூன்றரை மாதம் சுமந்து, மே மாதமளவில் குட்டி ஈனத் தொடங்கும். இன்னொன்று, எல்லைச் சண்டை முற்றிவிட்டால் பின்பக்கத்தில் கடிகாயம் விழும். உரித்த தோலின் உள்பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். முதல் பற்காயம் தெரிந்த நாளில் எல்லாப் பொறிகளையும் தூக்கிவிடுவார். எனக்குச் சில சமயம் மனம் கேட்காது, இன்னும் இரண்டு நல்ல ஓடை மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். அவர் படகைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் வலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்குள்ள பாட்டனார் எதைப் பார்த்து நிறுத்துகிறார் என்று கவனித்து எனக்கு எழுது. ஊருக்கு ஊர் வேறுபடும்.

முதல் தோல் பலகையை விட்டு இறங்கியதும், மூக்கிலிருந்து வாலடிவரை ஓர் அளவும், நடுவில் குறுக்கே ஓர் அளவும் எடு. இரண்டையும் கூட்டுவதுதான் தோலின் கணக்கு. 65 அங்குலத்தைத் தாண்டினால் பிளாங்கெட் என்று பெயர். முதல் தோல் அவ்வளவு வராது, வரவும் வேண்டாம். கூட்டாமல் இரண்டு எண்ணையும் தனித்தனியே அனுப்பு, நீ எந்தப் பக்கம் அதிகம் இழுத்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தபாலில் ஒரு பொதி வருகிறது. என் பழைய வழிக்கும் கத்தி, தடித்த கையுறை இரண்டு சோடி, அம்மா போட்ட கம்பளிக் காலுறை, அந்தப் பாட்டனாருக்கு இலங்கைத் தேயிலை. புகையிலையை அங்கேயே வாங்கி, முதல் நாள் போகும்போதே அவர் கையில் மரியாதையாகக் கொடுத்து, கற்றுத்தரும்படி கேள். கத்தியின் முனை மழுங்கித்தான் இருக்கும். அப்படியே விடு, வழிக்கும் கத்திக்கு முனை தேவையில்லை.

அன்புடன்,
அப்பா