வெள்ளக்காரன் மட்டும் பத்திரமா வெச்சிருக்கானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்துல ஒரு ஐயா, நம்ம ஆளுங்க பழைய தியேட்டரையெல்லாம் கடையாக்கிட்டாங்க, வெள்ளக்காரன பாருங்க எப்படி பொத்தி பொத்தி பாதுகாக்குறான்னு ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருந்தாரு. என் மக ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ நகரத்துல இருக்கா, ரெண்டு மாசம் அங்க இருந்துட்டு வந்தேன், அதனால வாய சும்மா வெச்சிருக்க முடியல.

1930கள்ல அந்த ஊர்ல மட்டும் 100க்கு மேல தியேட்டர், சினிமா சிட்டின்னே கூப்பிட்டிருக்காங்க. அதுல கிரீன்ஸ் பிளேஹவுஸ் 1927ல தொறந்தது, 4,000 சீட்டுக்கு மேல, அப்ப ஐரோப்பாவுலயே அதுதான் பெருசு. அப்புறம் அப்பல்லோன்னு பேர மாத்தி பாட்டுக் கச்சேரியா நடத்துனாங்க, 1987ல இடிச்சே தள்ளிட்டாங்க. இப்ப அந்த இடத்துல 18 ஸ்கிரீன் மல்டிப்ளெக்ஸ் நிக்குது. பாதுகாத்த லட்சணம் இதுதான்.

டிரான்கேட் தெருவுல பானோப்டிகன்னு ஒன்னு இருக்கு, அத கட்டாயம் சொல்லணும். 1857ல கட்டுன கூத்துக் கொட்டகை, 1896லயே படம் காட்டியிருக்காங்க. லாரல் ஹார்டியில ஒல்லியா அழுமூஞ்சியோட வருவாரே ஸ்டான் லாரல், அவரு 16 வயசுல மொத மொத மேடை ஏறுனது இங்கதான், 1906ல. 1938ல மூடி ஒரு தையல்காரக் கம்பெனிக்கு கை மாத்திட்டாங்க, அவங்க கடைக்கு மேல பொய்க்கூரை ஒன்னு அடிச்சாங்க பாருங்க, அதோட மேல இருந்த பால்கனி, மர பெஞ்சு எல்லாம் அப்படியே இருட்டுல கிடந்து பல வருசம் யாருக்கும் ஞாபகமே இல்ல. இப்ப தொண்டூழியக்காரங்கதான் கூட்டிப் பெருக்கி நடத்துறாங்க. பலகைக்கு அடியில இருந்து எடுத்த சிகரெட் பெட்டி, டிக்கெட்டு, கால்சட்டை பட்டன் எல்லாம் வெச்சிருந்தாங்க, அந்த பட்டன பாத்ததும் எனக்கு சின்ன வயசுல கோலாலம்பூர் பத்து ரோட்டுல (Batu Road) அப்பாவோட தோள்ல உக்காந்து கச்சாங் பூத்தே கடலை தின்ன ஞாபகம் வந்துருச்சு, ஏன்னு கேக்காதீங்க.

அத யாரும் காப்பாத்தல ஐயா. இடிக்க மறந்துட்டாங்க, அவ்வளவுதான்.

நம்ம கோலாலம்பூர் ரெக்ஸ் தியேட்டர 2002ல மூடுனாங்க, நடுவுல தீப்பிடிச்சு எரிஞ்சும் போச்சு, இப்ப புத்தகக்கடை சாப்பாட்டுக்கடைன்னு இளவட்டங்க கூட்டமா போறாங்க, கட்டடமாவது நிக்குதேன்னு எனக்கு சந்தோசம்தான். ஆனா அதே ஊர்ல இருக்குற கொலிசியம் தியேட்டர் அப்படி இல்ல, 1920ல கட்டுனது, இன்னும் தியேட்டராவே இருக்கு, தமிழ்ப் படம் ஓடுது. போன புதன்கிழமை மத்தியான ஷோவுக்கு போனேன். என்னையும் சேத்து 11 பேரு. கடிதம் எழுதுன ஐயா அதுல இருந்த மாதிரி தெரியல.

இப்படிக்கு,
செந்தூல் வாசகன்